யாருடைய கண்ணுக்கு அந்த வெளிச்சம்?

கட்டட வேலையை இரவில் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பேராசைதான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. வேலைத்தளத்தில் சில காலம் நின்றவர்களுக்கு அது அவ்வளவு எளிதாகப் படாது. காங்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. தளம் போட ஆரம்பித்துவிட்டால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. முதலில் கொட்டியது இறுகிய பிறகு அதை ஒட்டிப் புதிதாகக் கொட்டினால் இரண்டும் சேராது, இடையில் ஒரு பலவீனமான கோடு நின்றுவிடும். பெரிய தளமாக இருந்தால் பிற்பகலில் தொடங்கியது நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். வெயில் இன்னொரு காரணம். 40 டிகிரிக்கு மேல் போகும் சூட்டில் காங்கிரீட் போடுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் தனி வழிமுறை இருக்கிறது. அந்தச் சூட்டில் கலவையின் ஈரம் சீக்கிரம் வற்றி, தளம் வெடிப்பு விடும். துபாயில் புர்ஜ் கலீஃபாவை எழுப்பியபோது கோடையில் காங்கிரீட்டை இரவில்தான் போட்டார்கள், அதுவும் கலவையில் பனிக்கட்டி சேர்த்து. சென்னை போன்ற ஊரில் போக்குவரத்தும் சேர்ந்துகொள்கிறது. பகல் நெரிசலில் கலவை லாரி நகராது, பல சாலைகளில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. லாரிகள் வரிசைகட்டி வருவது ஊர் அடங்கிய பிறகுதான். மெட்ரோ பாலத்தின் கர்டரைத் தூக்கித் தூண்மேல் வைக்கச் சாலையை மூட வேண்டும். சாலையை மூட இரவு வேண்டும்.

புதிய பழக்கமும் அல்ல இது. அமெரிக்காவில் ஹூவர் அணைக்கு 1933 ஜூனில் தொடங்கி 1935 மே மாதம் வரை காங்கிரீட் போட்டார்கள். மூன்று ஷிப்டுகள், இரவும் பகலும். ஆகவே இரவு வேலை இருக்கத்தான் போகிறது. என் மனதை அரிப்பது வேறொன்று. இருட்டில் நூறு அடி உயரத்தில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டு, அவருக்கு எப்படிப்பட்ட வெளிச்சத்தைக் கொடுக்கிறோம்?

பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பாதி எழும்பிய அடுக்குமாடி ஒன்று இருட்டுக்கு நடுவே ஜொலித்துக்கொண்டு நிற்கும். நான்கு மூலைகளிலும் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் நாலைந்து ஃபோகஸ் லைட்டுகளை மேல்நோக்கித் திருப்பிவைத்திருப்பார்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு அது திருவிழா போலத்தான் தெரியும். இவ்வளவு வெளிச்சத்தில் யாருக்கு என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது என்றுதான் தோன்றும்.

மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஆள் ஏறும் ஹாயிஸ்ட் உச்சித் தளம் வரைக்கும் போகாது. ஒன்றிரண்டு மாடி கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து நடக்க வேண்டும். முன்பு போட்ட தளத்தைத் தாங்கிக்கொண்டு இரும்பு முட்டுகள் நெருக்கமாக நிற்கும் மாடி அது. அங்கே இன்றைக்கு வேலை இல்லை. எனவே விளக்கும் இல்லை. முட்டுகளின் நடுவே குனிந்து, ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகளைத் தாண்டி, கைப்பிடி வைக்காத படிக்கட்டுக்கு வர வேண்டும். படிகள் இன்னும் பூசப்படாதவை. ஒன்று ஏழு அங்குலம் இருக்கும், அடுத்தது எட்டரை இருக்கும். தோளில் வைப்ரேட்டர் குழாயைச் சுமந்துகொண்டு, இன்னொரு கையில் வாளியோடு வருகிறவருக்கு விளக்குப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டு ஏறுவார்கள். நான் இதைப் பல தளங்களில் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அது விநோதமாகத் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தப் படிக்கட்டு முடிந்து வெளியே தலையை நீட்டியதும் முகத்தில் அறைந்தாற்போல ஃபோகஸ் லைட். கண் கூசி மூடிக்கொள்ளும். ஆனால் கால் நிற்காது, பின்னால் வருகிறவர் இடிப்பார். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அவர் வைக்கும் அடிகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வைத்த அடிகள்தாம்.

மனிதக் கண் வெகு பெரிய வீச்சு கொண்டது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், உச்சிப் பொழுது வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் இருந்தால் அதிகம். இரண்டிலும் நாம் நடக்கிறோம், ஆள் அடையாளம் காண்கிறோம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கண் அவகாசம் கேட்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் சில விநாடிகள், அதிகம் போனால் ஒரு நிமிடம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கதை வேறு. விழித்திரையில் நிறம் காணும் செல்கள் தேற எட்டு, பத்து நிமிடம். மங்கலில் பார்க்கும் செல்கள் முழுக்க விழிக்க அரை மணி நேரம்கூட ஆகும். பிரகாசமான தளத்தில் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தவரை, "கீழ் மாடியில் ஒரு முட்டு தளர்ந்திருக்கு, போய்ப் பாரு" என்று அனுப்புகிறோம். அவர் இறங்கிப் போவது இருட்டான மாடிக்கு மட்டுமன்று. அடுத்த கால் மணி நேரத்துக்கு அவர் ஏறக்குறைய பார்வையில்லாதவர். லிஃப்ட் குழியின் விளிம்பு அவருக்கு ஒரு கரிய பரப்பு. ஈரமான சென்ட்ரிங் பலகையும் அதே கரிய பரப்பு. இரண்டில் எது தாங்கும் என்று அந்தக் கண் சொல்லாது.

வயதும் சேர்ந்தால் இன்னும் கடினம். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது என்று கண்ணியல் சொல்கிறது. தளத்தில் எல்லோருக்கும் மூத்தவர் மேஸ்திரி. எதையும் கடைசியாகச் சரிபார்ப்பவரும் அவரே. இருபது வயதுப் பையனுக்குப் போதும் என்று வைத்த விளக்கு அவருக்குப் போதாது. கூச்சம் வேறு அவரை அதிகமாகத் தாக்கும்.

கீழே நட்ட கம்பங்களைப் பற்றிச் சொன்னேன். அஸ்திவாரம் தோண்டும்போது அந்தக் கம்பங்கள் மிகவும் சரி; வேலை கீழே, விளக்கு மேலே. இரண்டு, மூன்று மாடி வரைக்கும் சமாளிக்கலாம். கட்டடம் வளர்கிறது, கம்பம் வளர்வதில்லை. ஆறாவது மாடி வந்ததும் வேலை மேலே போய்விட்டது, விளக்கு கீழே நின்றுவிட்டது. அப்போது என்ன செய்கிறார்கள்? விளக்கை அண்ணாந்து திருப்பிவிடுகிறார்கள். கீழிருந்து வரும் ஒளி தளத்தின் அடிப்பக்கத்தையும் வெளிச் சாரத்தையும் பளிச்சென்று காட்டும். மேலே நிற்கிறவரின் காலடிக்கு அது எட்டவே எட்டாது. அவர் விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தால் நேராகக் கண்ணில் விழும். சாலையில் போகிறவர் பார்த்து வியந்த அந்த ஜொலிப்பு, சாரத்தில் நிற்பவருக்கு எதிரி. ஒளியின் கணக்கும் இரக்கமில்லாதது: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. மாடி ஏற ஏற விளக்கும் ஏற வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் அதைக் கழற்றி, கேபிள் இழுத்து, மறுபடி பூட்ட ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலியை யாரும் மதிப்பீட்டில் எழுதுவதில்லை.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காங்கிரீட் போடுமுன் தளம் முழுக்கக் கம்பி வலை பின்னியிருக்கும். ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையே சாண் அளவோ அதற்கும் குறைவோ இடைவெளி. ஆட்கள் அதன்மேல் நடந்துதான் வேலை செய்ய வேண்டும். பலகை போட்ட நடைபாதை இருந்தால் நல்லது, பெரும்பாலும் பாதித் தூரத்துக்குத்தான் இருக்கும். இரண்டு பக்கங்களிலிருந்து கூர்மையான ஃபோகஸ் அடித்தால் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு நிழல்கள் விழும். கம்பி ஒன்று, கண்ணுக்குத் தெரிவது மூன்று. எதன்மேல் கால் வைப்பது? பழகியவர்கள் பாதத்தால் தடவிப் பார்த்து வைக்கிறார்கள். அவசரம் வரும்போது, பம்பின் குழாய் திடீரென்று துள்ளும்போது, தடவிப் பார்க்க நேரம் இருக்காது. நிழலின் மேல் கால் போய்விடும். கணுக்கால் மடங்கும். நடுத்தளத்தில் என்றால் அது சுளுக்கு. விளிம்பில் என்றால்?

நிழலே இல்லாமல் செய்துவிடலாமா என்றால் அதுவும் ஆபத்து. ஹெல்மெட்டில் கட்டிக்கொள்ளும் தலை விளக்கு இதற்குச் சாட்சி. கண் எந்தத் திசையில் பார்க்கிறதோ அதே திசையிலிருந்து ஒளி போவதால், பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். பள்ளம், மேடு, பலகையின் முனை எல்லாம் தட்டையாகத் தெரியும். ஆழத்தைச் சொல்வது பக்கவாட்டிலிருந்து விழும் மெல்லிய நிழல். கைக்கு எட்டும் இடத்தில் கம்பி முறுக்கத் தலை விளக்கு நல்லது. நடக்க அதை மட்டும் நம்பக்கூடாது. பெரிய பரப்பிலிருந்து பரவலாக ஒளி விடும் பலூன் விளக்குகளைச் சாலைப் பணியிலும் ரயில் பணியிலும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே நிழலின் ஓரம் மென்மையாக இருக்கும், கண்ணும் கூசாது. விலை கூடத்தான். ஆனால் விளக்கு வாங்கும்போது வாட்டைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். அது எந்த மாதிரி நிழல் போடும் என்று கேட்பவர் அபூர்வம்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. நிற்பது காலின் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் உடல் மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்கித்தான் நிமிர்ந்து நிற்கிறது: உள்காதின் சமநிலை உறுப்பு, பாதமும் மூட்டுகளும் உணரும் அழுத்தம், கண். அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும்போதும் உடல் நூலிழை அளவுக்கு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அருகில் ஒரு தூண், சுவர், கதவு நிலை என்று அசையாத ஏதோ ஒன்று இருந்தால் அதை வைத்துக் கண் அந்த ஆட்டத்தைப் பிடித்துவிடும், தசைகள் சரிசெய்துவிடும். உயரத்தில் விளிம்புக்கு வந்ததும் அருகில் இருப்பவை மறைந்துவிடுகின்றன. கண்ணுக்கு எதிரே இருப்பது நூறு அடி, ஆயிரம் அடி தள்ளித்தான். அவ்வளவு தூரத்தை வைத்து நூலிழை ஆட்டத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் ஆட்டம் கூடுகிறது. உயரத்தில் தலை சுற்றுவதற்கு மனபயம் மட்டும் காரணமல்ல, இதுவும்தான்.

இரவில் அந்தத் தூரப் பொருளும் போய்விடுகிறது. விளிம்புக்கு அப்பால் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில் டவர் கிரேனின் கை மெதுவாகச் சுற்றும். அதில் தொங்கும் விளக்குகளும் நகரும். பக்கத்து ரயில் புறப்படும்போது நம் ரயிலே நகர்வதாக ஒரு கணம் தோன்றுமே, அதே மயக்கம் சாரத்தில் நிற்பவருக்கு வரலாம். கிரேன் நிற்பதாகவும் தான் சாய்வதாகவும் உடல் நம்பிவிடும். நம்பியதும் எதிர்ப்பக்கம் சாய்ந்து சரிசெய்துகொள்ளும். அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை.

அதனால்தான் வேலை செய்யும் கைக்கு மட்டும் ஒளி கொடுத்தால் போதாது என்கிறேன். அவரைச் சுற்றியுள்ள தூணும், கைப்பிடிக் குழாயும், சாரத்தின் செங்குத்துக் கம்பங்களும் மங்கலாகவாவது தெரிய வேண்டும். அவை தெரிந்தால்தான் உடல் நிமிர்ந்து நிற்கும். கைப்பிடிக்கு மஞ்சளோ வெள்ளையோ அடித்து, அதன்மேல் மென்மையான ஒளி விழச் செய்வது பிடித்துக்கொள்வதற்காக மட்டுமல்ல, பார்த்துக்கொண்டு நிற்பதற்காகவும்.

சட்டம் இதையெல்லாம் சொல்கிறதா? ஓரளவு. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகள், வேலை நடக்கும் இடத்திலும் ஆட்கள் கடந்துபோகும் வழியிலும் படிக்கட்டிலும் தேசியத் தர அளவுக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும் என்றன. வழியையும் படிக்கட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்த கை, வேலைத்தளத்தை அறிந்த கையாக இருக்க வேண்டும். அமெரிக்க விதி, காங்கிரீட் போடும் இடத்துக்கு 3 அடி-மெழுகுவர்த்தி, அதாவது சுமார் 32 லக்ஸ் போதும் என்கிறது. ஐரோப்பிய நிர்ணயம் வேலைக்கு ஏற்றபடி பிரிக்கிறது: மண் தோண்ட 20 லக்ஸ், பொதுவான கட்டுமானப் பகுதிக்கு 50, கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் 100, நுணுக்கமான இணைப்பு வேலைக்கு 200. அதோடு ஒளி எவ்வளவு சீராகப் பரவ வேண்டும், கண்கூச்சம் எந்த அளவைத் தாண்டக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

எண் அவசியம். எண் இல்லாவிட்டால் "போதும்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தக்காரர் ஓர் அர்த்தம் சொல்வார், ஆய்வாளர் ஓர் அர்த்தம் சொல்வார். ஆனால் லக்ஸ் மீட்டரைத் தரையில் மல்லாத்தி வைத்து அளக்கும்போது, தரையில் விழும் ஒளியைத்தான் அது சொல்லும். அங்கே நிற்பவரின் கண்ணில் எவ்வளவு விழுகிறது என்று சொல்லாது. 100 லக்ஸ் இருக்கும் தளத்தில் எதிரே உள்ள விளக்கால் எதுவுமே தெரியாமல் நிற்பவரை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் சரி, மனிதர் தவறு என்று அங்கே யாராவது சொன்னால் நான் மீட்டரை நம்பமாட்டேன்.

மின்சாரம் போகும் கணம் ஒன்று இருக்கிறது. பழைய தளங்களில் இன்னும் மெட்டல் ஹாலைடு விளக்குகள் உண்டு. அவை அணைந்தால் உடனே எரியாது. ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் உறுமி எழுந்துவிடும். விளக்கின் குழல் ஆறி மறுபடி பற்றிக்கொள்ள ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் வரை ஆகும். அந்தப் பதினைந்து நிமிடமும் சாரத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணோ பிரகாசத்துக்குப் பழகிய கண். "அசையாதீங்க, அப்படியே நில்லுங்க" என்று கீழிருந்து குரல் வரும். தமிழில் வரும். மேலே நிற்பவர்களில் பாதிப்பேர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். புதிதாக வந்தவருக்கு அந்தச் சொல் புரியாது, தொனி மட்டும் புரியும். எல்இடி வந்த பிறகு இந்தத் துன்பம் குறைந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் எரியும். என்றாலும் படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் பேட்டரியில் ஓடும் விளக்கு சிலவாவது இருக்க வேண்டும். பெரிய செலவல்ல அது.

இன்னும் சின்னச் சின்னவை. சிமென்ட் தூசு விளக்கின் கண்ணாடியில் படிந்து படிந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும். துணியால் துடைக்க ஒரு நிமிடம் போதும், துடைப்பது யார் பொறுப்பு என்று தெரியாததால் மாதக்கணக்கில் படிந்திருக்கும். மழைக் காலத்து ஈசல் திரண்டு வந்து விளக்கை மொய்க்கும். சாரத்தில் இருப்பவரின் கண்ணில், மூக்கில் விழும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது கண்ணில் ஈசல் விழுந்தவர் என்ன செய்வார்? விளக்கை ஆளிடமிருந்து சற்றுத் தள்ளி, உயரத்தில் வைத்தால் பூச்சி அங்கேயே நின்றுவிடும். மின்னோட்டத்தோடு நொடிக்கு நூறு முறை துடிக்கும் பழைய வகைக் குழல் விளக்கின் கீழ், சுற்றும் ரம்பத்தின் பற்கள் நிற்பதுபோலத் தெரியலாம். நின்றுவிட்டது என்று கை நீட்டினால் விரல் போகும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு உடல் தானாகவே தூக்கத்துக்குள் சரியும். அந்த நேரத்துக் கவனத்தை நம்பி எந்த வேலையையும் திட்டமிடக்கூடாது.

கிரேனுக்குக் கீழே நிற்கும் சிக்னல்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர் அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் இருக்கிறார். இவருடைய கை அசைவுதான் அவருக்குக் கண். இரவில் அந்தக் கை தெரிய வேண்டும். ஆகவே இவர்மேல் ஒளி அடிக்கிறார்கள், ஒளிரும் பட்டை வைத்த சட்டை போடுகிறார்கள். மேலே இருப்பவருக்கு இவர் நன்றாகத் தெரிகிறார். இவர் அண்ணாந்து தொங்கும் பாரத்தைப் பார்க்கப் போனால் கிரேனின் கையில் கட்டிய விளக்குகள் நேரே கண்ணில் இறங்குகின்றன. பாரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று இவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே கை காட்டுகிறார்.

இந்தச் சிக்னல்காரரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகிறது. வேலைத்தளத்தில் நாம் ஏற்றுகிற பெரும்பாலான ஒளி, தொழிலாளியை மற்றவர்கள் பார்ப்பதற்காக. ஒளிரும் சட்டை, லாரிக்காரர் இவரைப் பார்க்க. கம்பத்து ஃபோகஸ், கீழே நிற்கும் மேற்பார்வையாளர் இவர் வேலை செய்கிறாரா என்று பார்க்க. கேமராவுக்கு வைத்த விளக்கு, அலுவலகம் பார்க்க. உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு, விமானி பார்க்க. ஒவ்வொன்றும் தேவைதான், எதையும் குறைசொல்லவில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவில், இவர் பார்ப்பதற்கென்று வைத்த விளக்கு எது என்று தேடினால் கைப்பேசி டார்ச்சில் வந்து நிற்கிறோம். அதையும் அவரே வாங்கியிருக்கிறார்.

பார்க்கிறவரிடம் ஒரு பலம் இருக்கிறது. பலகை உளுத்திருப்பதை அவர் பார்க்கிறார், "இதுல ஏற மாட்டேன்" என்கிறார். சாரத்தின் இணைப்பில் ஒரு கிளாம்ப் விட்டிருப்பதைப் பார்க்கிறார், வேலையை நிறுத்தி ஆள் கூப்பிடுகிறார். லிஃப்ட் குழியை மூடிய பலகையில் ஆணி இல்லை என்று பார்க்கிறார், சுற்றிப் போகிறார். பகலில் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை முறை அவர் மறுக்கிறார், விலகுகிறார், நின்று யோசிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. உயரத்தில் உயிர் தங்குவது இந்தச் சின்னச் சின்ன மறுப்புகளால்தான். பெல்ட்டும் வலையும் அவை தவறிய பிறகு வருகின்றன. இருட்டில் அவருக்கு மறுக்க எதுவும் தெரிவதில்லை. யாரோ பலகை சரியாகத்தான் போட்டிருப்பார்கள், யாரோ கிளாம்பை இறுக்கியிருப்பார்கள் என்று நம்பிக் கால் வைக்கிறார். நம்பாமல் இருக்கும் வாய்ப்பை நாம் அவருக்குத் தரவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தபோது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது தன் கண்ணால் பார்த்து, தன் புத்தியால் முடிவெடுக்கும் மனித உரிமையை.

அதற்குப் பிறகு விபத்து நடந்தால் அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. கவனம் ஒரு குணம் என்றே நினைத்துவிட்டோம். சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது என்று. கவனிக்க ஒரு பொருள் தெரிய வேண்டும், அது தெரிய ஒளி வேண்டும், அந்த ஒளியை ஒருவர் திட்டமிட்டு, காசு போட்டு, சரியான இடத்தில் வைத்திருக்க வேண்டும். கவனம் சாரத்தின் உச்சியில் தொடங்குவதில்லை. மதிப்பீடு தயாரிக்கும் மேசையில், விளக்குக்கு எத்தனை ரூபாய் என்று எழுதும் வரியில் அது தொடங்குகிறது. அங்கே கவனிக்காதவர்கள், இங்கே கவனிக்கவில்லை என்று இன்னொருவர் மேல் எழுதுவது நியாயமாகாது. விசாரிக்க வருகிறவர்கள் பகல் பதினோரு மணிக்கு வந்து, விளிம்பைப் பார்த்து, "இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே" என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். அவர் விழுந்த அதே நேரத்தில் வரட்டும். அதே விளக்குகளை ஏற்றி, அவர் நடந்த வழியே, அவர் சுமந்ததைச் சுமந்துகொண்டு ஒருமுறை நடக்கட்டும். பேனாவை அதன் பிறகு எடுக்கலாம்.

ஒரு மேஸ்திரியைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் பாதிப் பாடம் அவரிடம் கற்றது. இரவுத் தளம் போடும் நாளில், லாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், எல்லா விளக்குகளையும் போடச் சொல்லிவிட்டு அவர் தனியாக மேலே போவார். தன் ஆட்கள் எங்கெங்கே நிற்பார்களோ அங்கெல்லாம் நிற்பார், எங்கே குந்துவார்களோ அங்கே குந்துவார், குழாய்க்காரர் எந்தப் பக்கம் திரும்புவாரோ அந்தப் பக்கம் திரும்புவார். படிக்கட்டில் மேலும் கீழும் ஒருமுறை நடப்பார். "சார், வடகிழக்கு மூலை லைட்டு பையன் மூஞ்சியில அடிக்குது, தூக்கிக் கட்டணும்" என்பார். அவசரப்பட்டு, "ஆரம்பிச்சுட்டு மாத்திக்கலாம் மேஸ்திரி" என்றால், "அது ஆகாது சார், மாத்திட்டே வண்டியைக் கூப்பிடுங்க" என்பார். கோபமில்லாமல் சொல்வார், ஆனால் நகரமாட்டார். வேலை தொடங்கிய பிறகும் அவர் அடிக்கடி பார்ப்பது ஆட்களின் நெற்றியை. யாராவது புறங்கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்தால், அந்த ஆளுக்கு எதிரே இருக்கும் விளக்கு தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு இந்தி தெரியாது, அந்தப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. கை நெற்றிக்குப் போனதும் அவர் ஆளை அனுப்புவார், விளக்கு திரும்பும்.

அவரைப் போன்றவர் எல்லாத் தளத்திலும் இருப்பார் என்று நம்பி உட்கார முடியாது. அவர் செய்ததை வேலையின் ஒரு பகுதியாக எழுதிவைக்கலாம். இரவு வேலைக்கென்று தனியாக ஒரு விளக்குக்காரர். அவருக்கு அன்றிரவு வேறு வேலை கிடையாது, விளக்கை ஏற்றுவதும் திருப்புவதும் துடைப்பதும் டீசல் பார்ப்பதும்தான். காங்கிரீட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் தாளில், வழியையும் தளத்தையும் இருட்டிய பிறகு நடந்து பார்த்தாயிற்று என்று மேஸ்திரி கையெழுத்துப் போடும் ஒரு வரி. ஹாயிஸ்டிலிருந்து விளிம்பு வரைக்கும் இடைவிடாத ஒளி, நடுவில் ஒரு மாடிகூட இருட்டாக விடாமல். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியம்: எனக்குத் தெரியவில்லை, விளக்கைத் திருப்புங்கள். அதைச் சொன்னவரின் கூலியில் கை வைக்கக்கூடாது, அவர் சொன்ன பிறகு விளக்கு திரும்பும்வரை பம்ப் ஓடக்கூடாது. புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பையன் சொன்னாலும் ஓடக்கூடாது.